கடுகெண்ணெய் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது? மரபணு மாற்றக் கடுகு அதை மாற்றுமா?

தெற்கு கொல்கத்தாவின் டாக்குரியாவில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காகச் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவர் நீங்கள். பக்கத்திலிருக்கும் லேக் மார்க்கெட் வரை போனால் இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் கிடைத்துவிடும். ஆனாலும் ரெண்டு மூணு வருஷத்தில் உங்கள் அடுப்படியில் ஒரு கடுகெண்ணெய் பாட்டில் வந்து உட்கார்ந்துவிடும். மீன் வாங்கினால் அதில்தான் பொரிக்க வேண்டும் என்று கடைக்காரரே சொல்லிக் கொடுப்பார். பிறகு பருப்புக்கு, உருளைக்கிழங்குக்கு என்று அது மெல்லப் பரவும்.

இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு தகவல்கள் வருகின்றன. ஒன்று: "மரபணு மாற்றக் கடுகுக்கு அனுமதி கொடுத்துட்டாங்க, இனி கடுகெண்ணெய் விஷம், தொடாதீங்க." இன்னொன்று: "பழைய கடுகெண்ணெயில்தான் இதயத்துக்குக் கெடுதலான அமிலம் இருக்கு. மரபணு மாற்றக் கடுகில் அதை எடுத்துட்டாங்க, நல்லதுதான்."

இரண்டுமே தவறு. எதிரெதிர்த் தரப்பில் நின்றாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. விதை எப்படி உருவாக்கப்பட்டது என்பது ஒரு கேள்வி. அந்த விதையின் எண்ணெயில் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால், உண்மையில் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

முதலில், எண்ணெய் என்பது என்ன?

எந்தச் சமையல் எண்ணெயை எடுத்தாலும் அது பல கொழுப்பு அமிலங்களின் கலவை. எந்த அமிலம் எவ்வளவு என்பதுதான் ஓர் எண்ணெயை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. நமக்குப் பழக்கமான சிலவற்றைப் பார்க்கலாம். ரகத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப இந்த அளவுகள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

• தேங்காய் எண்ணெய்: லாரிக் அமிலம் மட்டும் பாதிக்கு நெருக்கம். மொத்தத்தில் சுமார் 90% நிறைவுற்ற கொழுப்பு.
• நல்லெண்ணெய்: ஒலீயிக் அமிலம் சுமார் 40%, லினோலீயிக் அமிலமும் ஏறக்குறைய அதே அளவு.
• தமிழ்நாட்டு ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயில்: பால்மிட்டிக் அமிலம் சுமார் 40%, ஒலீயிக்கும் அதே அளவு.
• சோயா எண்ணெய்: லினோலீயிக் பாதிக்கு மேல், ஒலீயிக் சுமார் 23%.
• கடுகெண்ணெய்: எருசிக் அமிலம் 40 முதல் 50%. மீதியில் ஒலீயிக், லினோலீயிக், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்பா லினோலெனிக் ஆகியவை. நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு.

கடைசி வரியில் வரும் எருசிக் அமிலம் மேலே உள்ள எந்த எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கடுகு குடும்பத்துக்கே உரிய சமாச்சாரம் அது. விதை முற்றும்போது ஒலீயிக் அமிலத்தின் 18 கார்பன் சங்கிலியில் இரண்டிரண்டாகக் கார்பன் சேர்ந்து, 20 ஆகி, 22 ஆகும்போது எருசிக் அமிலம் கிடைக்கிறது. இந்த நீட்டல் வேலையைச் செய்யும் மரபணுவுக்கு எஃப்.ஏ.இ.1 என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

எருசிக் அமிலம் ஆபத்தானதா?

அமெரிக்காவில் கடுகெண்ணெயைச் சமையல் எண்ணெயாக விற்க முடியாது. இந்திய மளிகைக் கடைகளில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்ற வாசகத்தோடுதான் பாட்டில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த விதிப்படி பொதுவாகத் தாவர எண்ணெய்களில் எருசிக் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடுகெண்ணெய்க்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 5% வரை அனுமதி.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு அடிப்படை விலங்குகள் மீதான ஆய்வுகள். இளம் எலிகளுக்கும் பிறந்து சில நாளே ஆன பன்றிக்குட்டிகளுக்கும் எருசிக் அதிகமாகக் கொடுத்தபோது இதயத் தசையில் கொழுப்பு படிந்தது. கொடுப்பதை நிறுத்தியதும் அந்தப் படிவு குறைந்தது. மனிதர்களில் கடுகெண்ணெயால் இதே பாதிப்பு ஏற்படுவதாக நிறுவப்படவில்லை.

சொல்லப்போனால், இந்தியாவிலிருந்து வந்த ஒரு முக்கியமான ஆய்வு எதிர்த்திசையைக் காட்டியது. டெல்லியிலும் பெங்களூரிலும் மாரடைப்பு நோயாளிகள் 350 பேரையும், அவர்களோடு ஒப்பிட 700 பேரையும் எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட ஆய்வு அது. 2004இல் வெளியானது. சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்தியவர்களைவிடக் கடுகெண்ணெய் பயன்படுத்தியவர்களிடம் இதய நோய் வாய்ப்பு குறைவாக இருந்தது. கடுகெண்ணெயில் உள்ள ஆல்பா லினோலெனிக் அமிலம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இத்தகைய ஆய்வு ஒரு தொடர்பைத்தான் காட்டும், 'இதனால்தான் இது' என்று நிரூபிக்காது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கடுகெண்ணெயில் சமைக்கும் ஒரு மாநிலத்தைப் பார்த்து 'நீங்கள் சாப்பிடுவது விஷம்' என்று சொல்வதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையா?

உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் ஒரு வரம்பைச் சொன்னது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளைக்கு, 7 மில்லிகிராம் எருசிக். அதை வைத்து நம் டாக்குரியா வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நான்கு பேர் இருக்கும் வீடு. மாதம் 2 லிட்டர் கடுகெண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். அப்படியென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 கிராம், அதாவது ஒரு மேஜைக்கரண்டி. எருசிக் 40% என்று வைத்தால் 6 கிராம், அதாவது 6,000 மில்லிகிராம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஐரோப்பிய வரம்பு 420 மில்லிகிராம். நம் கணக்கு அதைப்போல 14 மடங்கு.

பயமாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 7 மில்லிகிராம் எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். விலங்கு ஆய்வுகளில் பாதிப்பு தெரியாத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 700 மில்லிகிராம். அதை எச்சரிக்கைக்காக நூறால் வகுத்ததில்தான் 7 கிடைத்தது. வகுப்பதற்கு முந்தைய அளவை 60 கிலோ ஆளுக்குப் போட்டால் 42 கிராம் வருகிறது. நீங்கள் சாப்பிடும் 6 கிராம் அதில் ஏழில் ஒரு பங்கு.

ஆக, பாதிப்பு கண்ட அளவுக்கு நீங்கள் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் எச்சரிக்கைக்காக விடப்பட்ட இடைவெளியைப் பெரும்பாலும் தின்று தீர்த்துவிட்டீர்கள். இரண்டுமே உண்மை. முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னால் கடுகெண்ணெய் விளம்பரம் ஆகிவிடும், இரண்டாவதை மட்டும் சொன்னால் வாட்ஸ்அப் வதந்தி ஆகிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. அவர்களின் எடை குறைவு, எடைக்கு ஏற்பப் பார்த்தால் சாப்பிடும் அளவு அதிகம். அதிகமாக எருசிக் உட்கொள்ளும் குழந்தைகளுக்கு நீண்டகாலக் கவலை இருக்கலாம் என்று அதே ஐரோப்பிய ஆணையமும் சொன்னது.

இப்போது அதே கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள். எருசிக் 40 சதவீதத்துக்குப் பதில் 2% என்று வையுங்கள். 15 கிராம் எண்ணெயில் எருசிக் 300 மில்லிகிராம். வரம்பான 420க்குள் வந்துவிட்டது. எண்ணெயைக் குறைக்கவில்லை, மீனைக் குறைக்கவில்லை. விதை மட்டும்தான் மாறியது.

அந்த விதை எது? எல்லோரும் சண்டை போடும் மரபணு மாற்றக் கடுகா?

டிஎம்ஹெச்-11: மூன்று மரபணுக்கள், வேறு வேலை

இந்தியாவில் விவாதத்தில் இருக்கும் மரபணு மாற்றக் கடுகின் பெயர் டிஎம்ஹெச்-11. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் தலைமையிலான குழு உருவாக்கியது. 2022 அக்டோபர் 18 அன்று மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைக்க, 25ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது.

அதில் சேர்க்கப்பட்டவை மூன்று மரபணுக்கள்: பார்னேஸ், பார்ஸ்டார், பார். மூன்றுமே மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்து எடுக்கப்பட்டவை. கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். அதனால் இரண்டு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டு விதை தயாரிப்பது கடினம். பார்னேஸ் ஒரு ரகத்தை ஆண்மலடாக்குகிறது. பார்ஸ்டார் அடுத்த தலைமுறையில் அந்த மலட்டுத்தன்மையை நீக்குகிறது. பார் மரபணு குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் திறன் தருகிறது. விதை உற்பத்தியின்போது வேண்டாத செடிகளைக் கழிக்க அது தேவை என்பது உருவாக்கியவர்களின் வாதம். களைக்கொல்லிப் பயன்பாட்டுக்குப் பின்வாசல் திறக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

கவனித்தீர்களா? எஃப்.ஏ.இ.1 என்ற பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைத் தீர்மானிக்கும் பாதையை இந்த மூன்றும் தொடவே இல்லை. அதன் எண்ணெய் எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோர் ரகங்கள்தான் முடிவு செய்யும், வேறு எந்த ஒட்டுரகத்திலும் போலவே. பெற்றோரில் ஒன்று, வட இந்தியா முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயிராகும் வருணா. எருசிக் நிறைந்த பாரம்பரிய வகை அது.

அதனால் டிஎம்ஹெச்-11 வந்தால் உங்கள் பாட்டிலில் எருசிக் 2 சதவீதமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது அதற்காக உருவாக்கப்பட்ட கடுகு இல்லை. மகசூலைக் கூட்டுவதுதான் அதன் நோக்கம். அந்த மகசூல் கணக்கிலும் சர்ச்சை உண்டு.

அப்போ எருசிக்கைக் குறைத்தது யார்?

பதில் கொஞ்சம் சாதாரணமானது: பழைய பாணிப் பயிர்ப்பெருக்கம்.

கனடாவில் பால்டர் ஸ்டெஃபான்சன், கீத் டவுனி ஆகிய விஞ்ஞானிகளின் முயற்சியில், எருசிக் இயல்பாகவே குறைந்த ராப்சீட் செடிகளைத் தேடிப் பிடித்து, கலந்து, தேர்ந்தெடுத்து, 1974இல் முதல் 'இரட்டைக் குறை' ரகம் வந்தது. எருசிக்கும் குறைவு, புண்ணாக்கில் இருக்கும் குளுகோசினோலேட்டும் குறைவு. இன்று நாம் கனோலா என்று சொல்வது அதைத்தான். மரபணு மாற்றத் தொழில்நுட்பம் பயிர்களுக்கு வருவதற்குப் பல வருஷங்கள் முன்பே இது நடந்துவிட்டது. இன்று கனடாவில் விளையும் கனோலாவில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் களைக்கொல்லியைத் தாங்குவதற்கு. எண்ணெயை இதயத்துக்கு இதமாக்கிய வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது.

இந்தியாவிலும் கதை இதுதான். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா மஸ்டர்ட் 30, பூசா டபுள் ஜீரோ மஸ்டர்ட் 31, பூசா மஸ்டர்ட் 32 என்று வரிசையாக எருசிக் 2 சதவீதத்துக்குக் குறைவான கடுகு ரகங்களை வெளியிட்டுள்ளது. 2021 செப்டம்பரில் பிரதமர் அறிமுகப்படுத்திய 35 புதிய பயிர் ரகங்களில் பூசா டபுள் ஜீரோ மஸ்டர்ட் 33உம் ஒன்று. இவை எதுவும் மரபணு மாற்றப்பட்டவை இல்லை. நீதிமன்றத் தடை இல்லை, போராட்டம் இல்லை. தலைப்புச் செய்தியும் இல்லை.

இங்கே வங்காளச் சமையலறைக்கு முக்கியமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூக்கில் ஏறுகிற அந்தக் கடுகெண்ணெய்க் காரம் எருசிக்கிலிருந்து வருவதில்லை. அது குளுகோசினோலேட்டிலிருந்து வருகிறது. பூசா மஸ்டர்ட் 30 போன்ற 'ஒற்றைப் பூஜ்ய' ரகங்களில் எருசிக் மட்டும்தான் குறைகிறது, நெடி போகாது. 'இரட்டைப் பூஜ்ய' ரகங்களில் இரண்டும் குறையும். கால்நடைத் தீவனத்துக்கு அது நல்லது, ஆனால் கடுகு அரைத்து வைத்த இலிஷ் மீனுக்கும் கசுந்திக்கும் அந்த நெடி வேண்டும். எந்தப் பூஜ்யம் வேண்டும் என்று டாக்குரியாவில் கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

பிறகு ஏன் இந்த எண்ணெய் கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை? மண்டியில் கடுகுக்கு விலை பேசப்படுவது அதன் எண்ணெய்ச் சத்தை வைத்து. அந்த எண்ணெயில் எந்த அமிலம் என்று யாரும் கேட்பதில்லை. எருசிக் குறைந்த கடுகைத் தனியாக விதைத்து, தனியாக அறுத்து, தனியாக ஆட்டினால்தான் பலன். பக்கத்து வயல் கடுகோடு மூட்டையில் கலந்துவிட்டால் வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். கூடுதல் விலை கிடைக்காதபோது விவசாயி ஏன் அந்தச் சிரமத்தை ஏற்க வேண்டும்?

மரபணு மாற்றத்தால் கொழுப்பு அமிலத்தை மாற்றவே முடியாதா?

முடியும். மேற்கு வங்கத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

காரக்பூர் ஐஐடியில் மிருணாள் மைத்தியின் குழு, வடக்கே மஹுவா என்று அழைக்கப்படும் நம்ம ஊர் இலுப்பை மரத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்துக் கடுகில் வைத்தது. ஸ்டியரிக் அமிலத்தைக் கூட்டும் மரபணு அது. 2015இல் வெளியான அந்த ஆய்வில், ஸ்டியரிக் 16 மடங்குவரை உயர்ந்து மொத்தக் கொழுப்பு அமிலத்தில் ஏறக்குறைய 31 சதவீதத்தைத் தொட்டது. எருசிக் அதிகபட்சம் 71% வரை குறைந்தது. ஒரே ஓர் இலுப்பை மரபணு எண்ணெயின் முகத்தையே மாற்றிவிட்டது.

ஆனால் அந்த விதைகளில் பல முளைக்கவே இல்லை. எண்ணெய்ச் சத்தும் குறைந்தது. விதைக்குள் இருக்கும் எண்ணெய் நமக்காக வைத்தது இல்லையே, முளைக்கும் செடிக்கு அது கட்டுச்சோறு. அதன் கலவையை அளவுக்கு மீறி மாற்றினால் செடியே திணறுகிறது. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். ஸ்டியரிக் நிறைந்த கடுகு இயற்கையில் ஏன் இல்லை என்பதற்கும் இதுவே விளக்கமாக இருக்கலாம் என்றார்கள்.

வெளிநாடுகளில் சில முயற்சிகள் சந்தை வரை போயின. அமெரிக்காவில் 1994இல் அனுமதி பெற்ற ஒரு கனோலா, தேங்காய் எண்ணெய்போல லாரிக் அமிலம் நிறைந்தது. நட்டது கனோலா, கிடைத்தது பாதித் தேங்காய்! அது சந்தையில் நிலைக்கவில்லை. பிறகு ஒலீயிக் அமிலத்தைச் சுமார் 75 சதவீதத்துக்கு உயர்த்திய சோயா வந்தது. ஆஸ்திரேலியாவில் 2018இல், மீன் எண்ணெயில் கிடைக்கும் டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 அமிலத்தை உற்பத்தி செய்யும் கனோலாவுக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஆக, 'மரபணு மாற்றம்' என்ற ஒரே முத்திரைக்குக் கீழே, எண்ணெயைத் தொடாத டிஎம்ஹெச்-11உம் இருக்கிறது, எண்ணெயைத் தலைகீழாக மாற்றிய லாரிக் கனோலாவும் இருக்கிறது. முத்திரையை மட்டும் பார்த்து எண்ணெயைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமா?

ஆமாம், கடுகு வழியாக இல்லை. டிஎம்ஹெச்-11 இதுவரை விவசாயிகளுக்கு வணிகரீதியாக வரவில்லை. அதனால் வாட்ஸ்அப் தகவல் என்ன சொன்னாலும், உங்கள் கடுகெண்ணெய் பாட்டிலில் அது இல்லை.

ஆனால் 2002இல் அனுமதிக்கப்பட்ட பிடி பருத்திதான் இன்று இந்தியப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பருத்திக்கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெய் உணவுக்குப் போகிறது. இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2022-23இல் இது 57% என்பது அரசுக் கணக்கு. அதில் சோயா எண்ணெய் பெருமளவு அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே சோயா கிட்டத்தட்ட முழுக்க மரபணு மாற்றப்பட்டது.

இந்த எண்ணெய்களின் கொழுப்பு அமிலக் கலவை சாதாரணப் பருத்தி, சோயா எண்ணெயைப் போன்றதே. பூச்சியைத் தடுக்கவும் களைக்கொல்லியைத் தாங்கவும் வைத்த மரபணுக்கள் எண்ணெயை மாற்றுவதில்லை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ ஏறக்குறைய மிஞ்சுவதும் இல்லை. 'சாப்பிட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு இது ஓரளவு ஆறுதல். 'எனக்குச் சொன்னார்களா' என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது.

லேபிள் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது?

இப்போது அடுப்படிக்குப் போய்க் கடுகெண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஊட்டச்சத்துப் பட்டியலில் பொதுவாக 'மூஃபா' என்று ஒரு வரி இருக்கும். ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு என்று பொருள். கடுகெண்ணெயில் இது 100 கிராமுக்கு 60 கிராம் அளவில் இருக்கும். ஆலிவ் எண்ணெய் பாட்டிலிலும் இதே வரி, இதைவிடக் கொஞ்சம் பெரிய எண். பார்த்தால் இரண்டும் சொந்தக்காரர்கள் மாதிரி தெரியும்.

ஆனால் ஆலிவ் எண்ணெயின் அந்த வரியில் இருப்பது பெரும்பாலும் ஒலீயிக். கடுகெண்ணெயின் அதே வரியில் பெரும்பங்கு எருசிக். வேதியியல்படி எருசிக்கும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்புதான், அதனால் லேபிள் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே எண் அந்த வரிக்குள் ஒளிந்திருக்கிறது. சர்வதேசக் கோடெக்ஸ் தரநிலைப்படி கடுகெண்ணெயில் எருசிக் 22 முதல் 50% வரை இருக்கலாம். 22ஆ, 50ஆ என்று உங்கள் பாட்டில் சொல்லாது.

மரபணு மாற்றம் பற்றியும் லேபிள் சொல்லாது. டிஎம்ஹெச்-11 வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். நீதிபதி பி.வி.நாகரத்னா அனுமதியை ரத்து செய்தார், நீதிபதி சஞ்சய் கரோல் அதை ஏற்றார். மாறுபட்ட இந்தத் தீர்ப்பு எல்லாச் செய்திகளிலும் வந்தது. ஆனால் இருவரும் ஒத்துப்போன இடங்களும் உண்டு. மரபணு மாற்றப் பயிர்களுக்கு மத்திய அரசு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும். இறக்குமதியாகும் மரபணு மாற்ற உணவுகளில், குறிப்பாகச் சமையல் எண்ணெயில், லேபிள் தொடர்பான உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பின்பற்ற வேண்டும். நம் பாட்டிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

கொல்கத்தாவுக்கு இந்த விவாதம் புதிதும் இல்லை. பிடி கத்தரிக்காய் பற்றி அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நாடு முழுக்க நடத்திய மக்கள் கருத்துக்கேட்பு 2010 ஜனவரி 13 அன்று தொடங்கியது இந்த நகரத்தில்தான். அடுத்த மாதமே பிடி கத்தரிக்காய் நிறுத்தி வைக்கப்பட்டது.

சரி, என்ன செய்யலாம்?

கடுகெண்ணெயை விட்டுவிட வேண்டியதில்லை. இந்தியாவில் கடுகெண்ணெயால் மக்கள் பாதிக்கப்பட்ட பெரிய சம்பவம் கலப்படத்தால் வந்தது. 1998இல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டாக்குரியாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெஹாலாவில் 1988இல் ரசாயனம் கலந்த சமையல் எண்ணெயால் நூற்றுக்கணக்கானோரின் கைகால்கள் செயலிழந்தன. அதனால் முதல் பாதுகாப்பு, முத்திரையிட்ட பாட்டில். சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் எண்ணெய் வேண்டாம்.

இரண்டாவது, ஒரே எண்ணெயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். மீனுக்குக் கடுகெண்ணெய், தாளிக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ என்று பிரித்துக்கொண்டால் எருசிக் தானாகப் பாதியாகும். சின்னக் குழந்தைகளின் சாப்பாட்டில் இதைக் கட்டாயம் செய்யலாம்.

மூன்றாவது வேலை சமையலறைக்கு வெளியே. கடுகெண்ணெய் லேபிளில் எருசிக் அளவைத் தனி வரியாகப் போடச் சொல்லலாம். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் வேண்டாம், சட்டப் போராட்டம் வேண்டாம். ஆய்வகத்தில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளக்கும் வாயுப் பகுப்பாய்வு பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒரு வரி வந்தால் குறைந்த எருசிக் எண்ணெய்க்கு வாங்குபவர் கிடைப்பார். வாங்குபவர் கிடைத்தால் அதற்கு விலை கிடைக்கும். விலை கிடைத்தால், ஏற்கெனவே தயாராக இருக்கும் பூசா ரகங்களை விதைக்க விவசாயிக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

மரபணு மாற்றக் கடுகு வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் தொடரட்டும். களைக்கொல்லி, தேனீக்கள், விதை உரிமை, மகசூல் என்று அதில் பேச நிறைய இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் யார் ஜெயித்தாலும் உங்கள் பாட்டிலில் எருசிக் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்கும் விதை அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் இன்னும் கேட்கவில்லை.